ஸ்வர்ணா வெட்டிய கூரை

1984 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கலிபோர்னியாவின் சன்னிவேலில் எங்கள் வீட்டுக் கராஜில் நின்றிருந்த காரின் கூரையை என் மனைவி ஸ்வர்ணா அறுக்க ஆரம்பித்தாள். கார் 1947இல் செய்த செவ்ரலே. இரண்டு கதவு, குண்டான முதுகு, தவளைக்கண் போன்ற விளக்குகள். முந்தின வருடம் கில்ராயில் ஒரு பூண்டுப் பண்ணையின் கொட்டகையிலிருந்து அதை இழுத்துவந்தோம். வந்து ஆறு மாதம் வரை, மழை பெய்கிற நாட்களில் அதற்குள்ளிருந்து பூண்டு வாசனை வந்துகொண்டிருந்தது.

கூரையை ஒரேயடியாக எடுத்துவிடுவது அவள் திட்டம் இல்லை. கூரையைத் தாங்கும் தூண்கள் ஒவ்வொன்றிலும் நான்கு அங்குலத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி மறுபடி பற்றவைப்பது. அப்படிச் செய்தால் ஜன்னல்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பது போல ஒடுங்கும். நிற்கும்போதே கார் ஓடுவது போலத் தெரியும். கலிபோர்னியாவில் நாற்பது வருடமாக ஆட்கள் தங்கள் வீட்டுக் கராஜ்களில் இதைச் செய்துவருகிறார்கள். பாதியில் கைவிட்டுப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் சொல்வதில்லை.

அபாயம் எங்கே என்பதை ஸ்வர்ணா எனக்கு ஒரு சோப்பு டப்பாவை வைத்துக் காட்டியிருந்தாள். மூடியோடு இருக்கும்போது டப்பாவை முறுக்க முடியாது. மூடியை எடுத்துவிட்டால் இரண்டு விரலால் முறுக்கலாம். காரும் அப்படித்தான். முன்பாதியையும் பின்பாதியையும் கூரைதான் பிடித்து வைத்திருக்கிறது. கூரை இல்லாத நேரத்தில் உடல் நடுவில் நூலளவு தொய்ந்தாலும் கூரை திரும்ப உட்காராது, கதவு மூடாது. எங்களைப் போன்றவர்கள் அதை நிமிர்த்தவும் முடியாது. இதற்காகக் காருக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை முட்டுக்கொடுத்துப் பற்றவைத்திருந்தாள். அவை தாங்குமா என்பது அறுத்த பிறகுதான் தெரியும்.

ஸ்வர்ணாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சிப் செய்கிற கம்பெனி ஒன்றில் மாஸ்க் டிசைனர்; சிலிக்கான் தகட்டில் எந்தக் கம்பி எங்கே ஓட வேண்டும் என்று அடுக்கு அடுக்காகப் படம் வரைகிறவள். பத்து வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது சிவப்புப் பிலிமைக் கத்தியால் கீறி வரைந்தார்கள். அந்தக் கத்தி பிடித்த காய்ப்பு அவள் ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது. நான் கம்ப்யூட்டர்களுக்குக் கையேடு எழுதுகிறவன். பிறர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து வரிசையாக எழுதி வைப்பது என் பிழைப்பு.

எதற்காக இது என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"பத்து வருஷமா வரையறேன். நான் வரைஞ்சது எதையாவது நீங்க கண்ணால பார்த்திருக்கேளா?"

"அந்தக் கால்குலேட்டர்..."

"அது பொட்டி. நான் வரைஞ்சது அதுக்குள்ள நகக்கண் அளவு இருக்கு. மைக்ரோஸ்கோப் வெச்சாத்தான் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறவன் கண்ணுல படற மாதிரி ஒண்ணு பண்ணணும். ஒண்ணே ஒண்ணு."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மற்றவர்கள் கேட்டார்கள். என்னோடு ஹாஸ்டலில் படித்த பிச்சுமணி பக்கத்துத் தெருவில் இருந்தான். எனக்கு ஒரு வருடம் ஜூனியர். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுகிற பாட்லக் ஒன்று அவன் வீட்டில் நடந்தது; அதில் எல்லோரும் தட்டோடு கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தபோது அவன்தான் ஆரம்பித்தான்.

"மன்னி, கார் வாங்கினா ஸீட் கவர் போடுவா, ஸ்டீரியோ போடுவா. நீங்க கூரையை வெட்டறேளாமே?"

"ஆமா பிச்சுமணி. நாலு இன்ச்."

"நாலு இன்ச் வெட்டினா வெளியில என்ன தெரியும்?"

"எனக்கு எல்லாம் தெரியும். இப்ப அந்த மேல் நாலு இன்ச் வழியா எனக்கு வானம்தான் தெரியறது. வானத்தைப் பார்த்துண்டு யாராவது டிரைவ் பண்ணுவாளா?"

"நீங்க சரி. உங்காத்துக்காரர்? ஆறடி ஒண்ணு. டிக்கியில போட்டு அழைச்சுண்டு போவேளா?"

"மடிச்சு வெச்சுக்கலாம், மடக்கு நாற்காலி மாதிரி" என்றாள் அவன் மனைவி அனந்தலக்ஷ்மி.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்வர்ணாவும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே என் இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை ஒரு தடவை பார்த்தாள். தையல்காரர் அளவெடுக்கிற பார்வை அது.

வெட்டுவதற்கு முந்தின மாதம் எங்கள் ஹால் முழுவதும் பிலிம் விரித்திருந்தது. கார் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய படம். ஆபீசில் சிப்பின் படத்தைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கித் தரையில் விரித்து, ஸாக்ஸ் காலோடு அதன் மேல் நடந்து தப்புத் தேடுவார்கள். அதே மாதிரி ஸ்வர்ணா வீட்டிலும் நடந்தாள். இரண்டு பிலிம். ஜன்னலுக்குக் கீழே காரின் நீளத்துக்கும் ஓடுகிற மெட்டல் பட்டையை அடையாளமாக வைத்து, கீழ் வெட்டுக்கு ஒன்று. கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிகிற விளிம்பை அடையாளமாக வைத்து, மேல் வெட்டுக்கு ஒன்று. ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பிலிம், ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம்: அவள் தொழிலில் அதுதான் முறை.

காரின் இடது பக்கத்தை மட்டும்தான் அளந்தாள். வலது பக்கம் கராஜ் சுவரை ஒட்டி இருந்தது. நடுவில் வாஷிங் மெஷின், அதன் மேல் இரண்டு அரிசி மூட்டை. ஒருக்களித்துப் போகலாம், கதவைத் திறக்க முடியாது. அளப்பது சிரமம் என்பது மட்டும் காரணம் இல்லை. சிப்பில் ஒரு பாதியை வரைந்துவிட்டால் மறுபாதியை யாரும் வரைய மாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை கொடுத்தால் கண்ணாடியில் பார்த்தது போல அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வலது பக்கத்துக்கு அவள் பிலிமைத் திருப்பிப் போட்டாள்.

ரூபென் வந்து பார்த்தான். கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் அவளோடு வெல்டிங் படித்தவன். ஸான் ஹோஸேக்காரன், தபால்காரன், இருபத்தெட்டு வயது. அதுவரை இரண்டு கூரைகளை இறக்கியிருக்கிறான். அந்தக் கார்களில் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பிலிமைச் சுற்றி நடந்தான். அவன் பேசியதெல்லாம் இங்கிலீஷில்.

"அழகா இருக்கு, பாஸ். ஃபிரேம் போட்டு மாட்டலாம்."

"நீ எப்படிப் பண்ணுவே?" என்று கேட்டாள்.

"தூண் மேல ஒரு டேப் ஒட்டுவேன். நாலு இன்ச் தள்ளி இன்னொரு டேப். நடுவுல இருக்கறதை வெட்டி எடுத்துடுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றான் ரூபென். ஸ்வர்ணா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

சனிக்கிழமை அறுத்தார்கள். அவள் ஒரு தூண், அவன் ஒரு தூண் என்று மாறி மாறி. கண்ணாடிகளையும் ஸீட்டையும் முன்பே எடுத்தாகிவிட்டது. ரம்பம் எழுப்பின சத்தத்தில் பிச்சுமணி தன் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிட்டான். கிண்டல் செய்யத்தான் வந்தான், ஆனால் ஒரு மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

கடைசித் தூணும் அறுபட்டபோது கூரை விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அறுபட்டது தனக்குத் தெரியாதது போல அப்படியே இருந்தது. தூணின் குறுக்கே மயிரிழை அளவு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு நாங்கள் நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்துத் தூக்கினோம். நினைத்ததில் பாதி கனம்கூட இல்லை. தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்ப் பின்புறம் ஏப்ரிகாட் மரத்தடியில் புல்லின் மேல் வைத்தோம்.

திரும்பிவந்து பார்த்ததை எழுதுவது கடினம். கராஜ் விளக்கின் வெளிச்சம் காருக்குள் நேராக இறங்கியிருந்தது. முப்பத்தேழு வருடமாக வெளிச்சம் படாத ஓரங்களில் படிந்திருந்த தூசு, பக்கவாட்டுத் தகடுகளின் உட்பக்கம், யாரோ சாக்கட்டியால் போட்டு வட்டமிட்ட ஒரு 9, எல்லாம் தெரிந்தன. ஒரு கார் என்பது இவ்வளவு மெல்லிய தகடு என்று எனக்கு அதுவரை தெரியாது. காரின் தரையில், எங்களுக்கு முன்பே திரும்பிவந்துவிட்ட ஸ்வர்ணா சம்மணமிட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ரம்பம். கண்ணாடி போட்டிருந்த இடம் தவிர முகமெல்லாம் இரும்புத்தூள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நான் அவளைப் பார்த்து வாயடைத்து நின்றது அதுதான் முதல் தடவை. பிச்சுமணி என் காதருகே, "டேய், இவாளோட நீ சண்டையே போடாதே" என்றான்.

சிறு வேலை பாக்கி இருந்தது. முன் தூண்கள் சாய்வானவை என்பதால், கூரை கீழே இறங்கும்போது முன்னும் பின்னும் ஒருசேர எட்டாது. அதற்காகக் கூரையையே நடுவில் குறுக்காக இரண்டாக அறுத்தார்கள். பிறகு அந்த இடைவெளிக்கு ஒட்டுப் போட வேண்டும். தூண்களிலிருந்து வெட்டி எடுத்த ஆறு துண்டுகளையும் ஸ்வர்ணா துடைத்து, எந்தத் தூண் என்று டேப்பில் எழுதி ஒட்டி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. கூரையின் பின்பாதியைக் கொண்டுவந்து இறக்கினோம். அது நான்கு இடத்தில் உட்கார வேண்டும். இடது பக்கம் இரண்டும் ஒட்டிப்பிறந்தது போலச் சேர்ந்தன. வலது பக்கம் நடுத்தூணும் சேர்ந்தது. வலது பின்தூண் சேரவில்லை. கையை வைத்து அழுத்தினால் கூரை அந்தப் பக்கம் சாய்ந்தது, எடுத்தால் எழுந்தது. ஒரு கால் குட்டையான நாற்காலி ஆடுவது போல.

ஸ்வர்ணா ஸ்கேலை நுழைத்துப் பார்த்தாள். எட்டில் மூன்று அங்குலம்.

"த்ரீ எய்ட்ஸ்" என்றாள். மறுபடி அளந்தாள். "த்ரீ எய்ட்ஸ்."

ரூபென் மண்டியிட்டுக் காரின் அடியில் பார்த்தான். முட்டுக்கொடுத்த குழாய்களைத் தட்டிப் பார்த்தான். நெடுநேரம் கழித்து எழுந்தான்.

"பாஸ், பாடி இறங்கியிருக்கலாம். அந்த மூலை மட்டும்."

"இறங்கினா?"

"என்னோட ரெண்டாவது காரும் இப்படித்தான்" என்றான் ரூபென். ஓடாத கார் அது.

இடது கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். சரியாக மூடியது. "கதவுதான் சொல்லும். வலது கதவையும் பார்க்கணும். அது மூடினா பாடி இறங்கலை. மூடலைன்னா..." என்று ரூபென் வாஷிங் மெஷின் பக்கம் போனான்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றாள் ஸ்வர்ணா.

அந்த வாரம் அவள் கராஜுக்குள் போகவில்லை. பிலிம்கள் சுருட்டப்பட்டு ஸோபாவுக்குப் பின்னால் போயின. ஆபீசுக்குப் போனாள், வந்தாள், குக்கர் வைத்தாள். வாஷிங் மெஷின் கராஜுக்குள் இருந்ததால் புதன்கிழமை அழுக்குத் துணியை மூட்டை கட்டி நாங்கள் தினமும் ஓட்டுகிற டாட்சன் காரில் போட்டுக்கொண்டு எல் கமீனோ ரோட்டில் காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போனாள். நானும் போனேன். இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மெஷினை நகர்த்தினா அந்தக் கதவைத் திறந்து பார்த்துடலாம். பத்து நிமிஷ வேலை" என்றேன்.

"தெரியும்."

"பின்ன?"

"திறக்காத வரைக்கும் அது மூடும்னு வெச்சுக்கலாம்."

அவளே மறுபடி பேசினாள். "ஆபீஸ்ல தப்புப் பண்ணினா அடுத்த பிரிண்ட்ல திருத்திக்கலாம். ஆறு வாரம் லேட் ஆகும், மேனேஜர் கத்துவான், அவ்வளவுதான். இதுக்கு அடுத்த பிரிண்ட் கிடையாது." துணி சுற்றுவது நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. "பார்க்கற மாதிரி ஒண்ணு பண்ணணும்னு ஆசைப்பட்டேன். இப்ப எல்லாரும் பார்ப்பா. கராஜ்ல கூரை இல்லாம நிக்கறதை."

சனிக்கிழமை காலை அவளே தாவணி முடிச்சு மாதிரி ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு கராஜ் கதவைத் தூக்கினாள். ரூபென் தபால் சீருடையோடு வந்தான். பதினொரு மணிக்கு அவனுக்கு வேலை. பிச்சுமணியைக் கூப்பிட்டது நான். அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே அவன் சொன்னான்:

"கவலைப்படாதேள் மன்னி. கதவு மூடலைன்னா கன்வர்ட்டிபிள்னு சொல்லி வித்துடலாம்."

"உனக்கே விக்கறேன். அனந்தலக்ஷ்மி குடை பிடிச்சுண்டு வருவா" என்றாள் ஸ்வர்ணா. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரலில் உப்பு இருந்தது.

மெஷினின் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, மூன்று பேரும் சேர்ந்து அதை நகர்த்தினோம். அடியில் காணாமல் போன என் ஸாக்ஸ் ஏழு கிடந்தன, ஒன்றுக்கும் ஜோடி இல்லை. ஸ்வர்ணா வலது கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் திறந்தாள். எங்கள் கராஜுக்கு வந்த பிறகு அந்தக் கதவு முழுவதும் திறந்தது அன்றுதான். சுற்றிலும் ஓர இடைவெளியை ரூபென் விரலால் தடவினான். பிறகு அவள் கதவைத் தள்ளினாள், வேகமாக இல்லை, தூங்குகிறவர்கள் இருக்கும் அறைக்கதவைச் சாத்துவது போல.

'டப்' என்று ஒரே ஒரு சத்தம். கதவு மூடிக்கொண்டது.

மறுபடி திறந்து மூடினாள். அதே சத்தம். பிச்சுமணியும் ஒரு தடவை திறந்து மூடினான். ரூபென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"பாடி இறங்கலை" என்றான். "அப்ப அந்த த்ரீ எய்ட்ஸ் எங்கே போச்சு?"

ஸ்வர்ணா வீட்டுக்குள் போய்ப் பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். வெட்டி எடுத்த ஆறு துண்டுகளையும் மெஷினின் மூடி மேல் வரிசையாக நிறுத்தினாள். ஐந்து துண்டுகள் ஒரே உயரம். 'வலது பின்' என்று எழுதியிருந்தது மட்டும் மற்றவற்றைவிட உயரமாக நின்றது. அளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அளந்தாள். நான்கு அங்குலமும், எட்டில் மூன்றும்.

"நான் ஜாஸ்தியா வெட்டிட்டேன்" என்றாள். "பாடி அசையவே இல்லை. நான்தான் ஜாஸ்தியா வெட்டியிருக்கேன். எப்படி? ரெண்டு பக்கமும் அதே பிலிம்தானே?"

அதே பிலிம் என்பதுதான் விஷயம் என்று அவளுக்கே அடுத்த நிமிடம் புரிந்துவிட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு, இப்போது இடம் கிடைத்த வலது பக்கத்துக்குப் போனாள். மெட்டல் பட்டை அந்தப் பக்கம் நடுத்தூணைத் தாண்டின பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஓடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இறக்கம்; பின்தூணுக்கு வரும்போது எட்டில் மூன்று அங்குலம். கீழ்ப் பிலிமை அந்தப் பட்டையில் பொருத்தியதால் கீழ் வெட்டும் அவ்வளவு இறங்கிவிட்டது. காரின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்று இல்லை.

"ஆக்ஸிடென்ட் ஆன வண்டியா?" என்று பிச்சுமணி கேட்டான்.

ரூபென் வலது பின்தூணுக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டினான். கறுப்புக்கு அடியில் சிவப்பு அடிப்பூச்சு, அதற்கு அடியில் மங்கின வெள்ளி நிறத்தில் ஈயம். எங்களை மூக்கை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு இன்னும் சுரண்டினான். தொழிற்சாலையில் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருகிற இடத்தில் ஈயத்தை உருக்கித் தடவி, ஆறின பிறகு அரத்தால் ராவி மட்டமாக்குவார்கள் என்றான். அது கையால் செய்கிற வேலை. கார்கள் நகர்ந்துபோகிற அசெம்ப்ளி லைனில் காருக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன்.

"ஆக்ஸிடென்ட் இல்லை. பிறக்கும்போதே இப்படித்தான்" என்றான்.

ஸ்வர்ணா இடது பக்கமும் சுரண்டச் சொன்னாள். பின்கண்ணாடியின் ரப்பர் மூடியிருந்த ஓரத்தில், யாரும் தேய்த்து வழவழப்பாக்காத இடத்தில், அரம் ஓடின தடம் அப்படியே இருந்தது. இடது பக்கத் தடங்கள் நீளமானவை, ஒரே சாய்வில், சீப்பால் வாரினது போல. வலது பக்கத்தில் குட்டைக் குட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே ஓடின. அந்தப் பக்கம் ஈயமும் கனமாக இருந்தது. தகடு சரியாகச் சேராமல் வந்திருக்கிறது. அங்கே நின்றவன் கிடைத்த நிமிடங்களுக்குள் ஈயத்தை அள்ளி வைத்து, ராவி, பட்டையைக் கொஞ்சம் இறக்கி ஓட்டி, பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாதபடி சமாளித்து அனுப்பியிருக்கிறான். முப்பத்தேழு வருடம் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

நாங்கள் நான்கு பேரும் அந்தத் தடங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். யாரென்று தெரியாத இரண்டு பேர், ஒருவருக்கொருவர் முகம் பார்க்க முடியாமல், நடுவில் ஒரு கார் நகர்ந்துகொண்டிருக்க, ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் கை எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்பதைக்கூட விரலால் தொட்டுச் சொல்ல முடிந்தது. ஸ்வர்ணா காய்ப்பு விழுந்த ஆள்காட்டி விரலால் வலது பக்கத் தடத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவினாள்.

"இவர் அவசரத்துல இருந்திருக்கார்" என்றாள்.

ரூபென் மணி பார்த்தான். "நான் சொன்ன மாதிரி டேப் ஒட்டியிருந்தா..."

"வாயை மூடிண்டு தபால் போடப் போ" என்று அவள் தமிழில் சொன்னாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

சரிசெய்தது மிகச் சுலபம். உயரமாக நின்ற அந்தத் துண்டிலிருந்தே எட்டில் மூன்று அங்குல வளையம் ஒன்றை அறுத்தெடுத்து, இடைவெளியில் வைத்துப் பற்றவைத்தாள். கூரை ஆடுவது நின்றது. பிறகு முன்பாதியையும் இறக்கி, நடுவில் ஒட்டுப் போட்டார்கள். மெட்டல் பட்டையை நேராக்கிவிடலாமா என்று அடுத்த வாரம் ரூபென் கேட்டபோது, "அது அவர் பண்ணினது, இருக்கட்டும்" என்றாள். புதிதாகப் பிலிம் வரையவில்லை. இடதுக்கு ஒரு தாள், வலதுக்கு ஒரு தாள்; ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக எழுதிக்கொண்டாள்.

ஜூலையில் கண்ணாடி வெட்டினார்கள். அந்தக் காரின் முன்கண்ணாடி இரண்டு தட்டையான பாதிகள். ஒவ்வொன்றும் நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டின இரட்டைக் கண்ணாடி. இரண்டு புறமும் கீறி, மெல்ல வளைத்து விரிசல் ஓடவிட வேண்டும். பிறகு நடுவில் இருக்கிற பிளாஸ்டிக்கை இளக்க, கீறலின் மேல் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். ஸ்வர்ணா தீக்குச்சியைக் கொண்டுபோனாள். கீறலின் ஒரு முனையில் தொட்ட நெருப்பு, நீலக் கோடாக, அவள் வரைந்த வழியிலேயே மறுமுனைக்கு ஓடியது. ஒரு நூல்கூட விலகவில்லை. அணைந்ததும் பிளேடால் பிளாஸ்டிக்கைக் கீறினாள். கண்ணாடி இரண்டாகப் பிரிந்து அவள் கையில் வந்தது. 

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு கார் வெளியே வந்தது. கருநீலம். வீட்டுக்கு முன்னால் நின்றபோது அது வேறு ஏதோ உலகத்தின் வண்டி மாதிரி இருந்தது. நாற்பத்தேழில் செய்த வண்டிதான், ஆனால் அதைச் செய்தவர்களே கேட்டால் நம்ப மாட்டார்கள். பிச்சுமணி, அனந்தலக்ஷ்மி, ரூபென் எல்லோரும் டிரைவ்வேயில் நின்றார்கள்.

"ஏறுடா" என்றான் பிச்சுமணி. "மடிச்சு உட்காரு பார்க்கலாம்."

ஸ்வர்ணா இடது பக்கம் ஏறினாள். ஜன்னல் விளிம்பு அவள் கண்ணுக்குச் சரியாக இருந்தது. நான் வலது கதவைத் திறந்து, முதுகை வளைத்து, தலையை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு உள்ளே போனேன். உட்கார்ந்தேன். எதிர்பார்த்ததற்கும் கீழே போனேன். இன்னும் கொஞ்சம் கீழே. தலையை மெல்ல நிமிர்த்தினேன். கூரையில் முட்டவில்லை.

கையால் தடவிப் பார்த்தேன். முன்ஸீட் முதலில் ஒரே நீளப் பெஞ்சு. இப்போது நடுவில் பிரித்திருந்தது. என் பக்கம் அவள் பக்கத்தைவிட ஒரு சாண் தாழ்வு. கால் நீட்டிக்கொள்ளத் தரைத் தகட்டையும் பள்ளமாக்கியிருந்தாள். பாட்லக் அன்று என்னை ஏன் அப்படி அளந்து பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. வாரக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இதை எப்போது செய்தாள் என்று தெரியவில்லை.

"தலை இடிக்கறதா?"

"இல்லை. ரெண்டு விரல்கட்டை இருக்கு."

"ரெண்டரை இருக்கணுமே" என்று ஸ்வர்ணா காரைக் கிளப்பினாள்.

மாத்தில்டா தெரு வழியாகப் போய் எல் கமீனோவில் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதிகக் கார் இல்லை. துணி துவைக்கிற கடைக்கு எதிரே சிக்னல் சிவப்பாகி நின்றோம். குறுக்கே போன ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு வலது முனையில் இருந்த பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். பேப்பரை மடித்தார். எழுந்து நடைபாதையின் விளிம்பு வரை வந்து நின்றார்.

ஸ்வர்ணா தலையைத் திருப்பவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கில். கண் சிக்னலில்.

"அந்தாண்டை யாரோ நிக்கறாப்பல இருக்கே" என்றாள். "பார்க்கறாரா?"

"பார்க்கறார்."

"எந்தப் பக்கத்தை?"

"வலது பக்கத்தை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விளக்கு பச்சையானது. பின்னாலிருந்து யாரும் ஹார்ன் அடிக்காததால், இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.